தேவாங்கையும் உள்ளானையும் ஒப்பிடும் செயற்றிட்டம்: எங்கே பிழைக்கிறது?

மாணவர் செயற்றிட்டத்தில் ஆபத்திலுள்ள இரு உயிரினங்களை ஒப்பிட, ஹோட்டன் சமவெளித் தேவாங்கும் மன்னார்க் கரைக்கு வலசை வரும் 'கிரேட் நொட்' என்ற உள்ளானும் நல்ல சோடி. சாதாரணமாக இரண்டும் 100–200 கிராம்தான், ஐ.யு.சி.என். (இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் இரண்டும் 'ஆபத்துக்குள்ளானவை'. ஒற்றுமை அதோடு சரி.

முதலில், பட்டியலில் வகைக்குப் பக்கத்திலுள்ள எழுத்தைப் பாருங்கள். A என்றால் தொகை வேகமாகச் சரிகிறது: 10 வருடம் அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் நீளமான காலத்தில் பாதிக்கு மேல் குறைவு. B என்றால் பரப்பு சிறிது: 5,000 சதுர கிலோமீற்றருக்குள், கூடவே துண்டுபட்ட, நலிந்துவரும் வாழிடம். உள்ளானுக்கு A. சைபீரியாவில் குஞ்சு பொரித்து அவுஸ்திரேலியா வரை பறக்கும் பறவைக்குப் பரப்புக்குக் குறைவில்லை. நடுவழியில் இரை தேடும் மஞ்சள் கடல் சேற்றுத்திடல்களில் பெரும்பகுதிதான் போய்விட்டது. தென்கொரியாவின் சேமங்குமில் 2006இல் 33 கிலோமீற்றர் கடலணை மூடப்பட்டது. தேவாங்குக்கோ சிக்கல் பரப்பில்தான்: ஊர் விட்டு ஊர் போக வழியே இல்லை. அது தாவாது, கிளையோடு கிளை தொட்டால்தான் மரம் மாறும். நடுவில் தேயிலை மலை வந்தால் காடு தீவாகிவிடும்.

அடிக்கடி வரும் பிழை: சிவப்புத் தேவாங்கு இனத்தின் வரைபடத்தை ஒட்டிவிட்டு, 2009இல் முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்ட அதன் மலைநாட்டு உப இனமான ஹோட்டன் சமவெளித் தேவாங்கைப் பற்றி எழுதுவது. தாழ்நில ஈரக்காட்டுத் தேவாங்கும் அந்த வரைபடத்துக்குள் வந்துவிடும்.

எண்ணும் முறையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தேவாங்கை இரவில், நெற்றி விளக்கில் சிவப்பு செலோபேன் தாள் கட்டித் தேடுவார்கள்; வெள்ளை வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மணிக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடக்கக் கூடாது. கிளைகளுக்குள் நெருங்கிய இரு செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் நின்று பாருங்கள்; தரையோடு தெரிந்தால் மரையாக இருக்கலாம். கண்டதைக் 'கிலோமீற்றருக்கு இத்தனை' என்று எழுத வேண்டும். மூடுபனி இரவில் ஒன்றும் தெரியாவிட்டால் 'இல்லை' என்று எழுதாதீர்கள். ஹோட்டன் சமவெளிப் பூங்காவுக்குள் இரவில் நடக்க வனசீவராசிகள் திணைக்கள அனுமதி கட்டாயம். மாணவர்கள் வெளியான தரவை எடுப்பதே நல்லது.

உள்ளானைக் கடல் பெருகும் நேரம் எண்ண வேண்டும். சேறு மூழ்கியதும் கூட்டமாக ஒதுங்கும். தொலைநோக்கியால் பத்துப் பத்தாக எண்ணலாம்.

ஒன்று கிலோமீற்றருக்கு, மற்றது தலைக்கணக்கு. இரண்டையும் ஒரே சலாகை வரைபில் போட்டால் புள்ளி குறையும். ஒவ்வொரு பெறுமானத்தின் கீழும் ஆண்டையும், உலகப் பட்டியலா தேசியப் பட்டியலா என்பதையும் எழுதுங்கள்.