இழப்பைச் சிறுகதையாக்குதல்: வீட்டு வேலைகளிலிருந்து தொடங்குங்கள்

இழப்பைப் பற்றிச் சிறுகதை எழுத முனைவோர் பெரும்பாலும் மரணம் நிகழ்ந்த நாளிலேயே கதையைத் தொடங்கிவிடுகின்றனர். அழுகுரலும் கூட்டமும் நிறைந்த அந்நாளில் எல்லோருடைய துயரமும் ஏறக்குறைய ஒரே முகத்துடன் இருப்பதால், இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பது வாசகருக்குப் பிடிபடுவதற்குள் கதையின் பாதி இடம் செலவாகிவிடும். சில மாதங்கள் கழித்து, மின் இணைப்பைப் பெயர் மாற்றவோ வீட்டை விற்கவோ வேண்டியிருக்கும் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பிறகு, இறந்தவர் அந்த வீட்டில் செய்துவந்த வேலைகளை எழுதிப் பாருங்கள். இரவில் பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, பேசாமல் இருக்கும் பிள்ளைகளுக்கிடையே செய்தி கொண்டுபோவது என்று அது நீளும். அவற்றுள் இன்று யாரும் செய்யாத வேலை எது, யாரோ தயக்கத்துடன் ஏற்றுக்கொண்ட வேலை எது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் கதை கிடைத்துவிடும். சுவர்களையும் சன்னல்களையும் எவ்வளவு வருணித்தாலும் வராத வீட்டின் பொருள், ஆளில்லாமல் நின்றுபோன ஒரு வேலையில் வந்துவிடுகிறது என்பது என் கருத்து. தமிழ் இதற்கு ஒரு வசதியும் தருகிறது: 'இழுத்துப் பார்ப்பார்' என்னும் எதிர்கால வடிவம் கடந்தகால வழக்கத்தையும் சுட்டுவதால், ஒரு பத்தி முழுவதும் அவ்வடிவில் எழுதி, கடைசி இரவில் மட்டும் 'பார்த்தார்' என்று மாற்றினால், மரணத்தைச் சொல்லாமலே சொல்லிவிடலாம்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துயரத்துக்குச் சொல்லப்படும் ஐந்து நிலைகளை வரிசையாகக் கதையாக்க வேண்டாம். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை முன்வைத்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் உரையாடியதன் அடிப்படையில்தான். கதாசிரியருக்கு அதைவிடப் பயன்படுவது, உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் ஆகியோர் 1999-இல் விளக்கிய ஊசலாட்டம்: இழந்தவர் ஒரு நேரம் இழப்பில் மூழ்குகிறார், மறுநேரம் அதை விலக்கி அன்றாடப் பணிகளில் இறங்குகிறார். ஆகவே படிவங்களை நிரப்பிக்கொண்டே ஒருவர் சிரிக்கலாம். பழைய செருப்பைத் தூக்கியெறியும் நேரத்தில் உடைந்துபோகலாம். அந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உரையாடலில் துயரத்தைப் பற்றி யாரும் பேசாதிருப்பது நல்லது. உடன்பிறந்தவர்கள் அலமாரி யாருக்கு என்று வாதிடட்டும். வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்டவருக்கும் வெளியேறிப் போனவருக்கும் அது ஒரே வீடல்ல என்பது அந்த வாதத்திலேயே வெளிப்படும். கேட்பவர் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 1886-ஆம் ஆண்டுக் கதையில், மகனை இழந்த வண்டிக்காரர் தம் பயணிகளிடம் சொல்லிப் பார்க்கிறார். யாரும் காதுகொடுக்காததால் இறுதியில் குதிரையிடம் சொல்கிறார். வாசகர் இரங்க வேண்டுமானால் எழுதுபவர் சற்றுக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று செகாவே 1892-இல் ஒரு கடிதத்தில் அறிவுறுத்தினார்.

திருத்தும்போது 'வெறுமை', 'கனத்த மனம்' போன்ற சொற்களை நீக்கிவிட்டு, கதை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் செயல்கள் போதவில்லை என்று பொருள். முடிவில் ஆறுதலைத் திணிக்காதீர்கள். தொடங்கிய வேலையைக் கதைமாந்தர் முடித்தாரா, பாதியில் விட்டாரா என்பதைக் காட்டினால் போதும்.