ஜமுனாமரத்தூரில் குறைந்த வாடகைக்கு ரூம்: முதல்முறை ஏறுகிறவர்களுக்குப் படிப்படியாக

ஏலகிரியை மனதில் வைத்துக்கொண்டு ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறவர்கள்தான் ராத்திரி எட்டு மணிக்குக் கடைத்தெருவில் பையோடு நிற்பார்கள். ஏலகிரியில் அத்தனாவூரில் இறங்கினால் லாட்ஜ், காட்டேஜ், ரிசார்ட் என்று போர்டுக்குப் பஞ்சமில்லை. ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்த கேட்டைத் தட்டலாம். எதுவுமே சரிப்படாவிட்டால் 14 வளைவு இறங்கினால் ஜோலார்பேட்டை வந்துவிடும். ஜமுனாமரத்தூரில் அந்த வசதி இல்லை. சின்ன ஊர், ரூம்கள் கொஞ்சம், இருட்டிய பிறகு கீழே இறங்க பஸ்ஸும் கொஞ்சம். அதனால் இங்கே ரூம் எடுப்பதற்கு ஒரே ஒரு விதிதான்: வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தண்ணீரையும் கரண்டையும் பாருங்கள். வாடகை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்.

படி 1: நாள்

பௌர்ணமியைத் தவிருங்கள். மலை மேலே கூட்டம் இருக்கிறதோ இல்லையோ, வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ் எல்லாம் கிரிவலக் கூட்டத்தில் பிதுங்கும். போளூர் வரை நின்றுகொண்டே வந்து, அங்கே இன்னொரு பஸ்ஸுக்கு ஓடுவது முதல் பயணத்துக்கு நல்ல ஆரம்பம் இல்லை.

வானம் பார்க்கப் போகிறவர்களுக்கு அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை தோது. காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில்தான். 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் இடம் அது. நேரத்தைக் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் அதே சனிக்கிழமைதான் ரூம்களும் முதலில் நிரம்பும். கோடை விழா நடக்கும் நாட்களிலும் அப்படியே. அதன் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். வெறுமனே ஓய்வு, பீமன் அருவி, கோமுட்டேரியில் படகு என்றால் செவ்வாய், புதன் போதும். வாடகையிலும் இறங்கி வருவார்கள்.

படி 2: போனில் கேட்க வேண்டியது

செயலியில் புக் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சின்ன லாட்ஜில் அந்தச் செயலியைப் பார்ப்பவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் இன்னொருவர். சிக்னல் இல்லாத நேரத்தில் உங்கள் புக்கிங் போய்ச் சேர்ந்தே இருக்காது. முதல்நாள் போன் போட்டுப் பேசிவிடுங்கள். இப்படிக் கேட்டால் பதில் சுற்றி வளைக்காமல் வரும்:

"அண்ணா, டபுள் ரூம் வாடகை எவ்ளோ? வரி சேர்த்தா? 24 மணி நேரக் கணக்கா, இல்ல மத்தியானம் 12-க்கு காலி பண்ணணுமா? சுடுதண்ணி கீசரா, பக்கெட்ல குடுப்பீங்களா? கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல எதெல்லாம் ஓடும்? ராத்திரி கேட் எத்தன மணிக்குப் பூட்டுவீங்க?"

செக்-அவுட் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாலை 4 மணிக்கு ரூம் எடுத்தால், 24 மணி நேரக் கணக்கில் மறுநாள் 4 வரை இருக்கலாம். மத்தியானம் 12-க்குக் காலி செய்யும் கணக்கில் நான்கு மணி நேரம் போச்சு. அருவிக்குப் போய்விட்டு வந்து குளிக்க இடம் இருக்காது. கூட்டமாகப் போனால் எத்தனை பேர் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இரண்டு பேர் என்று சொல்லி நான்கு பேர் போய் நின்றால், ஆளுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் விலை.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கோ விஐடி பல்கலைக்கழகத்துக்கோ வந்த வெளிநாட்டு நண்பர் கூட வருகிறார் என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கான பதிவு இல்லாத லாட்ஜ்கள் வாசலிலேயே முடியாது என்றுவிடும். கோபித்துப் பயனில்லை.

படி 3: ஏறும் வழி

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வந்து, அங்கிருந்து அத்திமூர் வழியாக ஏறுவது ஒரு பாதை. போளூரிலிருந்து மலைப்பாதை சுமார் 40 கிலோமீட்டர். காட்பாடி – விழுப்புரம் ரயிலிலும் போளூரில் இறங்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக்காரர்களுக்கு ஆலங்காயம், காவலூர் வழி வசதி.

எந்த வழியானாலும் மதியம் இரண்டு மணிக்குள் அடிவாரத்தைத் தாண்டுகிற மாதிரி கிளம்புங்கள். மலை பஸ்ஸில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது உடனே வராது. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்பக்க சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். ஆம்பூரில் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு நேரே வளைவுகளில் ஏறினால் அந்தப் பிரியாணி உங்களோடு ஜமுனாமரத்தூர் வரை வராது.

சொந்த வண்டி என்றால் போளூரிலோ ஆலங்காயத்திலோ டேங்கை நிரப்புங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். சிக்னல் ஊருக்குள் கிடைத்தாலும் பாதையில் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் வரைபடத்தைக் கீழேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். யுபிஐ வேலை செய்யாத நேரத்துக்கு நூறும் ஐம்பதுமாக 2,000 ரூபாயாவது பையில் இருக்கட்டும்.

படி 4: அட்வான்ஸுக்கு முன் பத்து நிமிடம்

பையைக் கீழே வைக்காமல் "ரூமைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லுங்கள். பையை இறக்கிவிட்டால் பேரமும் அங்கேயே இறங்கிவிடும்.

முதலில் பாத்ரூம். ஃப்ளஷை ஒருமுறை அமுக்கிவிட்டுக் குழாயைத் திறந்து விடுங்கள். தொட்டி மறுபடி நிரம்பும் சத்தம் மூன்று நான்கு நிமிடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை, குழாயிலும் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்றால் மேல் டேங்க் காலியாகிக்கொண்டிருக்கிறது. மோட்டார் ஓட கரண்ட் வேண்டும். மாலையில் கரண்ட் போனால் தண்ணீரும் போகும். அப்படி இருந்தால் வேறு ரூம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு பக்கெட் இப்போதே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கீசர். மூடியில் அளவு போட்டிருக்கும். 15 லிட்டர் சேமிப்பு கீசர், 2,000 வாட் என்றால், 20 டிகிரி தண்ணீரை 50 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 16 நிமிடம் ஆகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். இரண்டாவது ஆள் மறுபடி காத்திருக்க வேண்டும். 3 லிட்டர், 3,000 வாட் உடனடி கீசர் என்றால் குழாயை முழுதாகத் திறக்கக் கூடாது. நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் அளவில் மெல்ல விட்டால்தான் குளிக்கிற சூடு வரும். ஒரு பக்கெட் நிரம்ப ஏழெட்டு நிமிடம். 'கீசர் வேலை செய்யலை' என்று ரூம் பாயிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் குழாயை முழுதாகத் திறந்தவர்கள்தான்.

மீதிப் பாதிக்குக் காரணம் வோல்டேஜ். ஊரே ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போடும்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், கீசரின் சக்தி பத்தில் ஆறு பங்காகச் சுருங்கிவிடும். பதினாறு நிமிட வேலைக்கு இருபத்தாறு நிமிடம் பிடிக்கும். ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறதா, பழைய குண்டு பல்பு இருந்தால் மஞ்சளாக எரிகிறதா என்று பாருங்கள். எல்ஈடி பல்பை நம்பாதீர்கள், அது குறைந்த வோல்டேஜிலும் பளிச்சென்றுதான் எரியும். கேஸ் கீசர் பாத்ரூமுக்கு உள்ளேயே மாட்டியிருந்து, காற்றுப் போகும் வழியும் இல்லையென்றால் அந்த ரூம் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயங்கிய பிறகுதான் தெரியும்.

பிறகு படுக்கை. தலைமாட்டுப் பக்கம் மெத்தையின் மூலையைத் தூக்கி, தையலோரம் போன் டார்ச்சை அடியுங்கள். மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளியும் துருநிறக் கறையும் இருந்தால் மூட்டைப்பூச்சி. பெட்ஷீட்டை மாற்றுவதால் அது போகாது. ரூமையே மாற்றுங்கள், ஒட்டின அடுத்த ரூமும் வேண்டாம். தலையணையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று பிசுபிசுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

சுவரின் அடியில் சுண்ணாம்பு உப்பிப் பொரிந்திருந்தால் ஓதம், அதாவது சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. மழைக்காலத்தில் தரைத்தளத்தைத் தவிருங்கள். மே மாதத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் ரூம் வேண்டாம். பகல் வெயிலைக் குடித்த தளம் ராத்திரி வரை சூட்டைக் கக்கும், மலையானாலும் சரி. இரண்டு மாடிக் கட்டடத்தில் நடுத்தளம்தான் எப்போதும் பாதுகாப்பான தேர்வு. ஜன்னலுக்குக் கம்பி மட்டும் போதாது, வலை வேண்டும்: கொசுவுக்கும்தான், குரங்குக்கும்தான்.

கடைசியாகக் கதவு. வெளியே அல்டிராப் (பூட்டு மாட்டும் தாழ்ப்பாள்) இருந்தால் உங்கள் சொந்தப் பூட்டைப் போடலாம். ஒரு சின்னப் பூட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். உள்தாழ்ப்பாள் முழுதாக நுழைகிறதா என்று போட்டுப் பாருங்கள். மழையில் மரம் உப்பிக் கதவு இறங்கியிருந்தால் தாழ் பாதிதான் போகும்.

படி 5: ரிஜிஸ்டரும் பில்லும்

வருகிற எல்லாருடைய அடையாள அட்டையும் வேண்டும். ஆதார் கொடுப்பதானால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்து, நகலின் மேல் 'தங்குவதற்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

22 செப்டம்பர் 2025 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 1,200 ரூபாய் ரூமுக்கு 60 ரூபாய். இன்னும் 12 சதவீதம் போட்டிருந்தால் மெதுவாகச் சுட்டிக்காட்டுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாத லாட்ஜ், வரி என்று தனியாக எதுவும் வாங்கக் கூடாது. அட்வான்ஸ் தொகையைப் பில்லிலோ ஒரு துண்டுச்சீட்டிலோ எழுதி வாங்குங்கள். காலையில் கவுன்ட்டரில் இருப்பவர் வேறு ஆளாக இருப்பார்.

படி 6: சாப்பாடு

பை வைத்ததும் அடுத்த வேலை, ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்லி வைப்பது. சின்ன மெஸ்களில் ஆள் கணக்குப் பார்த்துத்தான் உலை வைப்பார்கள். ஆறு மணிக்குச் சொன்னால் எட்டு மணிக்குச் சூடாக இருக்கும். எட்டு மணிக்குப் போய் நின்றால் மிஞ்சின இட்லி. சாமை இந்த மலையின் சொந்தத் தானியம். சாமைச் சோறு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மத்தியானமே சொல்லி வைத்தால் வாய்ப்பு அதிகம். ஒருவருக்கு 2 லிட்டர் பாட்டில் ஒன்று கொண்டுபோய் கொதித்து ஆறின தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கப், தட்டு, பைகளுக்கு 1 ஜனவரி 2019 முதலே மாநிலம் முழுக்கத் தடை. மலையில் அதை எடுத்துப் போட வண்டியும் வராது.

படி 7: ராத்திரி

எந்த ஸ்விட்ச் இன்வெர்ட்டரில் ஓடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு ஃபேன், ஒரு லைட். கீசர் ஓடாது, சார்ஜ் போடும் பிளக்கும் பல இடங்களில் ஓடாது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 பேட்டரி போனை ஒருமுறை முழுதாக ஏற்றும். இரண்டு முறை என்று கணக்குப் போடாதீர்கள், மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். மார்கழி, தையில் லாட்ஜ் கம்பளி ஒன்று போதாது. வீட்டுப் போர்வை ஒன்றை மடித்து எடுத்துப் போங்கள். மெத்தை சந்தேகமாக இருந்தால் அதையே விரித்தும் படுக்கலாம். ஷூவை வாசலுக்கு வெளியே விடாதீர்கள். காலையில் உதறிவிட்டுப் போடுங்கள், தேள் ஒளிய இருட்டான இடம் கிடைத்தால் போதும்.

படி 8: பக்கெட் சுடுதண்ணீர்

விறகு பாய்லர் வைத்திருக்கும் இடங்களில் காலையில் குறிப்பிட்ட இரண்டு மணி நேரம்தான் தருவார்கள். அந்த நேரத்தை முதல்நாளே கேளுங்கள். பக்கெட்டில் முதலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பச்சைத் தண்ணீர், அதன் மேல் சுடுதண்ணீர். மாற்றி ஊற்றினால் பிளாஸ்டிக் பக்கெட் இளகும், ஆவி கையில் அடிக்கும். ஹீட்டர் ராடைக் கொடுத்தால், ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல். 'சூடாச்சா' என்று தொட்டுப் பார்ப்பதற்காக அல்ல அந்த ராடு.

படி 9: காலி செய்வது

முதல் பஸ் பிடிக்க வேண்டும் என்றால் கணக்கை ராத்திரியே முடித்துவிடுங்கள். விடியற்காலையில் மேனேஜர் இருக்கமாட்டார், அட்வான்ஸைத் திருப்பித் தரும் அதிகாரம் ரூம் பாய்க்கு இருக்காது, பஸ் நிற்காது. முதல் பஸ் நேரத்தைக் கூகுளில் தேடாதீர்கள். ஏறி வந்த பஸ் கண்டக்டரிடமே இறங்கும்போது கேளுங்கள். கேட் சாவி யாரிடம் இருக்கும், அவர் எங்கே படுத்திருப்பார் என்பதையும் படுக்கப் போகும் முன் கேட்டு வையுங்கள்.