டிலிங்கிட் பொருள்களுக்குப் பதிவு எழுதும்போது நடக்கும் தவறுகள்

இந்தக் கோடையில் எங்கள் அருங்காட்சியகச் சேமிப்பறைக்குப் புதிதாக வந்த மூன்று பேர், பதினாறு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியத்தை அதே உற்சாகத்தோடு செய்துகொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. கையுறை போடு, எண்ணைச் சரியாக எழுது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் பேசுவது தென்கிழக்கு அலாஸ்காவின் டிலிங்கிட் மக்களுடைய தொப்பி, போர்வை, கிண்ணம், கரண்டி போன்றவற்றைப் பற்றி மட்டும்.

பழைய அட்டையைத் திருத்தி எழுதுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், பொருள்களின் விவரம் எழுதிய பழைய கையெழுத்து அட்டைகளை டேட்டாபேஸில் ஏற்றச் சொன்னார்கள். அட்டைகளில் ஒரே குழப்பம். ரஷ்யர்கள் வைத்த பெயரில் 'கொலோஷ்' என்று ஒன்று, 'த்லின்கெட்' என்று இன்னொன்று, ஊர்ப் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. எல்லாவற்றையும் ஒரே சீராக்கினேன். 'டிலிங்கிட், அலாஸ்கா, மரம், வண்ணப்பூச்சு' என்று அடித்தேன். தவளை முகம் செதுக்கிய ஒரு மரத் தொப்பி இருந்தது. உள்விளிம்பு தலைபட்டுக் கறுத்திருந்தது, தாடைக்குக் கீழே கட்டும் தோல்வாரில் பாதி மிச்சம். அதன் அட்டைக்குப் பின்பக்கம் பென்சிலில், இடையிடையே கோடு போட்டு உடைத்து எழுதிய ஒரு சொல். எனக்குப் புரியவில்லை. ஏதோ கிறுக்கல் என்று விட்டுவிட்டேன். அட்டைகள் ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்குப் போய்விட்டன.

நான்கு வருடம் கழித்து அலாஸ்காவிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். தொப்பியைப் பார்த்ததும் ஒரு பாட்டி எழுந்து நின்று அதனிடம் டிலிங்கிட்டில் பேசினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது எந்தக் குலத்தோடது?" என்று கேட்டார். என் திரையில் 'டிலிங்கிட், மரம்' என்று மட்டும் இருந்தது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், டிலிங்கிட் மக்களில் காக்கை, கழுகு என்று இரண்டு பெரும்பிரிவு, அதற்குள் பல குலங்கள், தாய்வழியில் வருவது. குலச் சின்னம் தாங்கிய பொருள் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை, குலத்துக்கே சொந்தம். அட்-ஊவ் என்பார்கள். பொருள் மட்டுமல்ல, பெயரும் பாட்டும் இடமும்கூட அதில் அடக்கம். பழங்குடி மக்களின் பொருள்களை அவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் நாக்ப்ரா என்கிற 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமும், தனி ஆள் விற்க முடியாத பொதுச் சொத்து என்று ஒரு வகையை ஒத்துக்கொள்கிறது. ஆனால் கேட்கிறவர்கள் அது தங்களுடையது என்று காட்ட வேண்டும். தவளை என்றால் போதாது. சிட்காவின் கிக்ஸாதி குலத்துக்கும் தவளை உண்டு, க்ளுக்வானின் கானஹ்டேதி குலத்துக்கும் உண்டு. அந்தப் பென்சில் சொல் குலத்தின் பெயர்! கிடங்கில் பெட்டி பெட்டியாகத் தேடி அட்டையை எடுக்க ஏழு மாதம் ஆனது. அதற்குள் பாட்டி போய்விட்டார்.

அதனால் பழைய எழுத்தை, பிழையோடு, பின்பக்கத்தோடு, அப்படியே ஒரு தனிக் கட்டத்தில் ஏற்றுங்கள். உங்கள் திருத்தத்தை அதற்குக் கீழே, தேதியும் பெயரும் போட்டு எழுதுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், புரியாததை முக்கியமாக.

சேகரித்தவரை உடைமையாளர் ஆக்குவது

கடற்படை லெப்டினன்ட் ஜார்ஜ் எம்மன்ஸ் வாங்கி நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு விற்ற பொருள்கள் ஏராளம். பல பதிவுகளில் அவர் பெயர் பெரிதாக நிற்கும், குலம் இருக்காது. விற்றவர், வாங்கியவர், செய்தவர், உடைய குலம் நான்கும் வேறு வேறு. அதிலும் குலச் சின்னம் தாங்கிய பொருள்களைச் செய்து தரும்படி எதிர்ப்பிரிவு ஆளிடம் கேட்பதுதான் வழக்கம். செதுக்கியவர் கழுகுப் பிரிவு என்று தெரிந்தால் பொருள் பெரும்பாலும் காக்கைப் பிரிவுடையது. இதைக் குழப்பினால் சொந்தக்காரரே தலைகீழாகிவிடுவார்.

பெயரை நம்பிப் பொருளைப் பார்க்காமல் விடுவது

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு அருங்காட்சியகத்தில் ஒரு டிலிங்கிட் போர்த் தலைக்கவசம் நூறு வருடத்துக்கும் மேலாக 'அலூஷியன் தொப்பி' என்றே கிடந்தது. 2013இல்தான் தெரிந்தது. அங்கூன் ஊரை 1882இல் அமெரிக்கக் கடற்படை குண்டு போட்டு எரித்தபோது தப்பிய படகு ஒன்றின் பீவர் உருவ முகப்பு, 1999இல் நியூயார்க் சேமிப்பறையில் கிடைத்தது. அதை அடையாளம் கண்டது அங்கு வந்த டிலிங்கிட் பெரியவர்களின் கண். பொருளை அவர்களுக்குக் காட்டாமல் பதிவை முடிக்காதீர்கள்.

வளையத்தை எண்ணாமல் விடுவது

தொப்பி உச்சியில் அடுக்கிய பின்னல் வளையங்கள். 'அலங்காரம்' என்று எழுதாமல் எண்ணி எழுதுங்கள்.

மந்திரவாதியின் பொருள்களைப் படம் எடுத்து இணையத்தில் போடுவது

வேண்டாம். பல கல்லறையிலிருந்து எடுத்தவை. குலத்தைக் கேட்காமல் திறக்கவே கூடாது. நாக்ப்ரா சட்டத்துக்கு 2024 ஜனவரியில் வந்த விதிகளும் முன்கூட்டிச் சம்மதம் கேட்கச் சொல்கின்றன.

விஷத்தை எழுதாமல் விடுவது

பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் கம்பளி, தோல், ரோமத்துக்கெல்லாம் ஆர்சனிக், பாதரச மருந்து போட்டார்கள். மலையாட்டுக் கம்பளியும் தேவதாருப் பட்டையும் முறுக்கி நெய்த சில்கட் போர்வை ஊர் திரும்பினால் அலமாரியில் இருக்காது. யாரோ ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் ஆடுவார், குழந்தைகள் விளிம்புக் குஞ்சத்தைப் பிடிப்பார்கள். என்ன மருந்து, எந்த வருடம், சோதித்தீர்களா இல்லையா என்பதைப் பதிவின் முதல் வரியில் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் 'சோதிக்கவில்லை' என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்ட நான்கு பதிவுகளை நேற்று அந்த மூன்று பேரிடமும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.