வாய் திறக்காத டீமைக் கதைக்க வைக்கிறது எப்பிடி

திருகோணமலைக் கரையோரத்தில கிணறு வெட்டுற புரஜெக்ட் ஒண்டில கோர்டினேட்டரா இருந்தன், அங்க நான் விட்ட பிழையில இருந்தே தொடங்குறன். குச்சவெளிப் பக்கம் ஒரு கிணறு, தண்ணி காணாது எண்டு இன்னும் ஆழமா வெட்டச் சொன்னம், வந்தது உவர். மேசன் நானா (முஸ்லிம் ஆக்களில மூத்தவரை "நானா" எண்டுதான் கூப்பிடுவம்) அப்பதான் மெதுவாச் சொல்றார், "இந்த மணலுக்க நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குற மாதிரி தம்பி, கூட அடிக்குப் போனா இப்பிடித்தான்" எண்டு. எனக்குக் கொதிச்சிட்டுது, பத்துப் பேருக்கு முன்னால "தெரிஞ்சா ஏன் முதலே சொல்லேல்ல" எண்டு கத்திட்டன். அதுக்குப் பிறகு எதைக் கேட்டாலும் "எல்லாம் ஓகே தம்பி"தான்.

அதால முதல் வேலை, அந்த "ஏன் சொல்லேல்ல"வை விடுங்க. ரெண்டு நாள் கழிச்சு பிளேன்டீ குடிக்கேக்க தனியா மன்னிப்புக் கேட்டுட்டு, "எப்பிடிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க நானா?" எண்டு கேட்டன். உப்புவெளியில நடந்த மீட்டிங்ல சொல்ல வந்தாராம், ஸ்லைட் முழுக்க இங்கிலீஷ், இவர் வாயைத் திறக்க என்ஜினியர் போனைப் பாத்தாராம். அவ்வளவுதான் விசயம், ஆள் மறைக்கேல்ல, நாங்கதான் கேக்கேல்ல.

சலோவே, மேயர் எண்ட ரெண்டு உளவியலாளர்கள் 1990ல உணர்வு நுண்ணறிவு எண்டு எழுதினது கிட்டத்தட்ட இதைத்தான்: தன்ர மனநிலையையும் மற்றாக்களின்ர மனநிலையையும் கவனிச்சு, பிரிச்சு விளங்கி, அதை வச்சு யோசிச்சு நடக்கிறது. நடைமுறையில என்னெண்டா, காது சூடாகுதெண்டு தெரிஞ்சா வட்ஸ்அப் குரூப்ல ஒண்டும் போடாதீங்க. நான் வொய்ஸ் ரெக்கோட் பண்ணி அனுப்பாம நானே கேட்டுப் பாத்து அழிச்சிடுவன், வெக்கமா இருக்கும், ஆனா நல்ல மருந்து. ஏசுறதெண்டா தனியா, பாராட்டுறதெண்டா குரூப்ல.

அடுத்தது, ஒவ்வொருத்தரும் எதுக்குப் பயப்பிடுறாங்க எண்டு பாருங்க. கொன்ட்ராக்ட்ல நிக்கிற பெடியன் "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா என்னை நிப்பாட்டிடுவாங்க" எண்டு நினைச்சா அது நியாயமான பயம், இனிப்பாக் கதைச்சு ஏமாத்தாதீங்க, கொன்ட்ராக்டைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்க.

கைப்பழக்கத்தில இருக்கிற அறிவுக்கு ஃபோர்ம் நீட்டி வேலை இல்லை. ஜப்பானில மட்சுஷிடா கம்பனி 1985 மட்டில பாண் சுடுற மெசின் செய்யேக்க மா சரியாப் பதமாகேல்ல, இகுகோ தனாகா எண்ட பிள்ளை ஒசாகா ஹோட்டல் ஒண்டின்ர தலைமை பேக்கரிட்டப் போய்ப் பழகித்தான், அவர் மாவை இழுக்கேக்க ஒரு முறுக்கு முறுக்கிறதைக் கண்டுபிடிச்சா. அவருக்கே அதை வாயால சொல்லத் தெரிஞ்சிருக்காது. நாங்களும் ஒரு தம்பியை ஒரு கிழமை நானாவோட விட்டம். வாளியில வந்த மணலை விரலுக்க உரசிறது, தண்ணியை நாக்கு நுனியில வச்சுப் பாத்துத் துப்புறது, எந்த இடத்தில "காணும், நிப்பாட்டு" எண்டுறது, எல்லாத்தையும் தம்பி போன்ல எடுத்துத் தமிழிலயே எழுதி வச்சார்.

மீட்டிங்கை வியாழன் பின்னேரம் வையுங்க, வெள்ளி ஜும்ஆ இருக்கு, அவசரத்தில ஒருத்தரும் மனம் விட்டுக் கதைக்க மாட்டாங்க. தொடங்கேக்க பெரியாள் தன்ர பிழை ஒண்டை முதல் சொல்லோணும். அதுக்குப் பிறகு பிழைக் கதைகள் கூடும், பயப்பிடாதீங்க. ஏமி எட்மன்சன் எண்ட ஆராய்ச்சியாளர் 90களில ஆஸ்பத்திரி டீம்களைப் பாக்கேக்க நல்ல டீம்களிலதான் மருந்துப் பிழைகள் கூடப் பதிவாகியிருந்துது, பிழை கூட விட்டதால இல்லை, பயமில்லாமச் சொன்னதாலதான் எண்டு அவவுக்கு விளங்கிச்சு.

எங்களுக்கு ஒரு மாசத்துக்கு மேல எடுத்துது. ஒருநாள் விடிய ஆறு மணிக்கு நானா கோல், "தம்பி, இண்டைக்கு வெட்டப் போற இடம் சரிவராது, மெசினை அனுப்பாதீங்க, நான் வந்து காட்டுறன்."