டர்போ காருக்கு ஏர் இன்டேக்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என்னுடையது 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். வாங்கிய மூன்றாம் வருஷம் ஆசைப்பட்டு, இன்ஜினுக்குக் காற்றெடுக்கும் ஏர் இன்டேக்கில் கம்பெனி ஃபில்டர் பாக்ஸுக்குப் பதிலாக ஓபன் கோன் ஃபில்டர் (கூம்பு வடிவில் வெளியே திறந்திருக்கும் ஃபில்டர்) மாட்டினேன். மிதித்தால், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ மூச்சிழுக்கும் சத்தம் உள்ளே வரை கேட்கும். அதற்காகவே ராத்திரியில் கோவை அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று போய் வருவேன்.

ஆனால் மே மாத மதியம் காந்திபுரம் சிக்னலில் நின்று கிளம்பினால் வண்டி மந்தமாகிவிடும். கோன் பானெட்டுக்குள் மூடியில்லாமல் இருந்ததால் இன்ஜின் சூட்டுக் காற்றையே இழுத்தது. 40 டிகிரிக் காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறையும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். ஆகவே முன் கிரில் பக்கமிருந்து காற்றெடுக்கும், நன்றாக மூடிய பாக்ஸ் உள்ளதையே வாங்குங்கள்.

சூட்டை விடத் தூசிதான் எனக்குப் பெரிய பயம். டர்போவின் கம்ப்ரசர் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் நுண்ணிய மண் பட்டாலும் இதழ்களின் விளிம்பு தேயும். ஆறு மாதம் கழித்து ஃபில்டருக்குப் பின்னால் உள்ள பைப்பைக் கழற்றி, வெள்ளைக் கைக்குட்டையால் உள்ளே துடைத்தேன். செம்மண் நிறத்தில் வந்தது. அன்றே கோனைக் கழற்றிவிட்டேன். கடைக்காரரிடம், ஏர் ஃபில்டர்களுக்கான ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைக் கேளுங்கள். எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற இரண்டும் அதில் இருக்கும். குதிரைத்திறன் கூடும் என்று மட்டும் சொன்னால் வேண்டாம்.

என் வண்டியில் காற்றோட்டத்தை அளக்கும் மாஃப் சென்சார் கிடையாது, அழுத்தத்தை வைத்துத்தான் கணக்கு. உங்கள் வண்டியில் மாஃப் இருந்தால், சென்சார் உட்காரும் இடத்தில் புதுப் பைப்பின் உள்விட்டம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். மாறினால் இசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) தப்பான அளவு போகும். தூசியைப் பிடிக்க எண்ணெய் பூசும் காட்டன் ஃபில்டரைக் கழுவியபின் எண்ணெயை அதிகமாக அடித்தாலும் அந்தச் சென்சாரில் படியும்.

இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸுக்கு இணைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம், பம்பருக்குக் கீழே ஃபில்டர் தொங்கும் மாடல் நம் ஊருக்குச் சரிவராது. மழை நாளில் லங்கா கார்னர் பாலத்தடியில் நிற்கும் தண்ணீர் ஒரு தடவை உள்ளே போனால் போதும், இன்ஜினுக்குள் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

இப்போது கம்பெனி பாக்ஸிலேயே காட்டன் பேனல் ஃபில்டர் போட்டு ஓட்டுகிறேன். ரீமேப் செய்யாத (இசியூ மென்பொருளை மாற்றாத) வண்டிக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் முடிவு. எதை மாட்டினாலும் 500 கிலோமீட்டர் ஓடியதும் பைப்பைக் கழற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசி ஒட்டினால் முதலில் ஃபில்டரின் ரப்பர் விளிம்பையும் கிளாம்ப்களையும் சரிபாருங்கள்.