ஒட்டு மாங்கன்றுக்கு ஊன்றுகோலும் கிளை அமைப்பும்

ஒட்டு மாங்கன்றை நடும்போதே ஊன்றுகோலையும் நட்டுவிட வேண்டும். பிறகு அடித்து இறக்கினால் வேர் அறுபடும். ஐந்தடி நீளச் சவுக்குக் கழியைத் தண்டிலிருந்து அரையடி தள்ளி, காற்று வரும் பக்கத்தில் ஊன்றுங்கள். தமிழ்நாட்டில் ஆடிக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதால், கழி அந்தப் பக்கம் இருந்தால் கன்று அதன்மேல் சாய்ந்து உரசாது.

கட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். கம்பியும் நைலான் கயிறும் வேண்டவே வேண்டாம். பழைய வேட்டியைக் கிழித்த நாடாவை, கழிக்கும் தண்டுக்கும் நடுவே எட்டு வடிவில் குறுக்கிட்டு, ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகச் சுற்றி, முடிச்சைக் கழியின் பக்கம் போடுங்கள். தண்டு சற்றே அசைந்தால்தான் அது பருத்து வலுப்பெறும். மாதம் ஒருமுறை கட்டைத் தொட்டுப் பாருங்கள். கட்டுக்கு மேலே தண்டு புடைத்தும் கீழே மெலிந்தும் இருந்தால், கயிறு பட்டையை இறுக்குகிறது என்று பொருள்.

ஒட்டுக்குக் கீழே எழும் துளிர்களைக் கண்டவுடன் கிள்ளுங்கள். அவை வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கும் வேறு மாஞ்செடியின், துளிர்கள். நீங்கள் ஆசையாக வாங்கிய இமாம்பசந்த் அவற்றில் காய்க்காது.

கன்று இரண்டரை அடியைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளி, பின்னர் வரும் கிளைகளில் வெவ்வேறு திசைகளில், சற்று உயர வேறுபாட்டுடன் கிளைத்த மூன்று அல்லது நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஆண்டுகளில் பூங்கொத்துகளை அகற்றுவது மனத்துக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆயினும் அந்தச் சத்து கிளைகளுக்கே போய்ச் சேர வேண்டும். ஓராண்டுக்குப் பின் கட்டை அவிழ்த்துப் பார்த்து, கன்று தானாக நிமிர்ந்து நின்றால் கழியை எடுத்துவிடலாம்.