தகரக் கூரை வீட்டில் ஒரு ஸ்டூடியோ: எந்த மியூசிக் சொப்ட்வெயாரை எடுப்பது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பாட்டு செய்கிற பிள்ளைகள் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, எந்த சொப்ட்வெயார் போடுறது?" நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்பேன். நீங்கள் பீட் செய்யப் போகிறீர்களா, இல்லை ஆட்களை உட்கார வைத்து ரெக்கோர்ட் பண்ணப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும். சென்னையில் யாரோ பெரிய இசையமைப்பாளர் பாவிக்கிறார் என்பதற்காக ஒன்றை இறக்கிவிட்டு, ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் மைக்கைப் பெட்டிக்குள் போட்டு மூடிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். 'டோ' என்று சொல்கிற இந்த சொப்ட்வெயார்களில் எதை எடுத்தாலும், ஒரே மைக், ஒரே இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்பியூட்டரோடு இணைக்கிற பெட்டி), ஒரே குரல் என்றால், ரெக்கோர்ட் ஆகிற சத்தம் ஒன்றுதான். "இதில் செய்தால் சவுண்ட் தடிப்பாக வரும்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வேறுபடுவது வேலை செய்கிற முறை, கூட வருகிற கருவிகள், விலை, அப்புறம் உங்கள் கம்பியூட்டர் அதைத் தாங்குமா என்பது.

ராப், கானா, டிஜே மிக்ஸ் இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு எஃப்எல் ஸ்டூடியோ நல்லது. 1990களின் கடைசியில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் பெல்ஜியத்திலிருந்து வந்தது. கட்டம் கட்டமாக டிரம்ஸ் அடித்து, பியானோ ரோலில் பேஸ் வரைந்து, ஒரு மணித்தியாலத்தில் ஒரு பீட்டை நிமிர்த்திவிடலாம். ஒரு தடவை வாங்கினால் பிறகு வருகிற எல்லா அப்டேட்டும் ஆயுளுக்கும் இலவசம் என்பது பெரிய விஷயம். ஆனால் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இலவச ட்ரையலில் செய்த வேலையை சேவ் பண்ணலாம், மறுநாள் அதைத் திறக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் திறக்கும். இது தெரியாமல் இரவு முழுக்க உட்கார்ந்து ஒரு பாட்டை முடித்தவர்கள் காலையில் என்ன நிலைமையில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, ஆகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிற ஃப்ரூட்டி பதிப்பில் குரலை ரெக்கோர்ட் பண்ண வழியில்லை. பாடுவதாக இருந்தால் ப்ரொடியூசர் பதிப்புதான் வேண்டும், வேறு பேச்சே இல்லை.

இப்போது தப்பு மேளத்துக்கு வருவோம். என் வேலை பெரும்பாலும் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தப்பு ரெக்கோர்ட் பண்ணியவர்களுக்குத் தெரியும், மலைக் குளிரில் தோல் நிற்காது. அடுப்பிலோ வைக்கோல் நெருப்பிலோ காய்ச்சி எடுத்து வந்ததும் கணீரென்று இருக்கும். ஈரக்காற்றில் பத்து நிமிசம் போனால் சத்தம் இறங்கி தொப்பென்று ஆகிவிடும். எங்கள் பக்கத்துத் தப்படிக்கும் மாமா ஒருவர் டேக்குக்கு நடுவிலேயே நிறுத்தி, "தம்பி, மேளம் எறங்கிருச்சு, காய்ச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது சுருதியும் கொஞ்சம் ஏறியிருக்கும், அடிக்கிற வேகமும் ஏறியிருக்கும். அதோடு மெட்ரோனோமின் கிளிக் சத்தத்தை, அதாவது மாறாத வேகத்தில் தாளம் தட்டுகிற சத்தத்தை, ஹெட்ஃபோனில் போட்டு "இதுக்கு அடிங்க மாமா" என்றால் அவருடைய கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். நம் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தின் அடியெல்லாம் ஆட்டக்காரனின் காலைப் பார்த்து ஏறி இறங்குகிற அடி. அது மெட்ரோனோமுக்குள் அடங்காது, அடக்கவும் கூடாது.

ஆகவே நமக்குத் தேவை, ஆட்கள் அடிக்கிற வேகத்துக்குப் பின்னால் தான் ஓடி வருகிற சொப்ட்வெயார். இந்த விசயத்தில் என் கை முதலில் போவது ரீப்பருக்குத்தான். கிளிக் இல்லாமல் முழுதாக அடிக்க விடுங்கள். பிறகு புரொஜெக்ட் செட்டிங்கில், ரெக்கோர்ட் ஆன துண்டுகளின் டைம்பேஸை 'டைம்' என்று மாற்றுங்கள்; இதை மறந்தால் நீங்கள் டெம்போவைத் தொட்டதும் தப்புச் சத்தம் இழுபட்டுக் கெட்டுப்போகும். அப்புறம் ஒரு சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதால் கேட்டு, அந்தப் பகுதியை மட்டும் தெரிவு செய்து, அதிலிருந்து டெம்போவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த சுற்று, அதற்கடுத்தது என்று இப்படியே போனால், டெம்போ 96இல் தொடங்கி 108இல் முடிகிற அடிக்கு ஏற்ற மாதிரி திரையில் உள்ள தாளக் கோடுகள் தாமே வளைந்து வந்து நிற்கும். மூன்று மூன்றாக விழுகிற அடி என்றால் முதலே 6/8 என்று போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு பேஸ் வைக்கும்போது எல்லாம் கோணலாகத் தெரியும். இதன் மேல் நீங்கள் கீபோர்டோ பேஸோ வைத்தால் அது மாமாவின் கையோடு சேர்ந்து ஓடும். முதன்முதல் இப்படிச் செய்து கேட்ட அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, உண்மையாகவே.

கியூபேஸிலும் இதற்கு டெம்போ கண்டுபிடிக்கிற வசதி இருக்கிறது, லொஜிக் ப்ரோவில் ஸ்மார்ட் டெம்போ என்று இருக்கிறது, ஏபல்டன் லைவில் வார்ப் மார்க்கர் வைத்துச் செய்யலாம். எல்லாம் நல்லவைதான். எஃப்எல் எனக்கு இந்த வேலைக்குச் சரிவரவில்லை. அது மாறாத வேகத்துக்குப் பழகியது.

சரி, காசு. ரீப்பர் 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், எந்த வசதியையும் பூட்டி வைப்பதில்லை. பிறகு தனியாள் லைசன்ஸ் 60 டொலர். இசையைத் தொழிலாகச் செய்தாலும் ஆண்டு வருமானம் 20,000 டொலருக்குள் என்றால் இதே 60 டொலர்தான், அதற்கு மேல் என்றால் 225. டொலருக்கு 300 ரூபா வைத்துக் கணக்குப் போடுங்கள், 18,000 ரூபா. லொஜிக் ப்ரோ ஒரு தடவைக்கு 200 டொலர், அதாவது 60,000 ரூபா, அதுவும் மேக் இருந்தால்தான். 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு அறிவித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் ரீப்பர் பதின்மூன்று, பதினான்கு நாள் கொழுந்து பறித்த காசு, லொஜிக் 44 நாள் கொழுந்து பறித்த காசு. வீட்டில் காசு கேட்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மாதாமாதம் கட்டுகிற சந்தா முறையை நான் நம் ஆட்களுக்குச் சொல்வதே இல்லை. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்தோம். அப்படி ஒரு வருடத்தில் சந்தா கட்ட முடியாமல் போனால் உங்கள் பாட்டெல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, உங்கள் பேங்க் கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு கட்டாமல் பூட்டை உடைத்துத் தருகிற 'கிராக்' சொப்ட்வெயார் வேண்டாம். அது தப்பு என்று மட்டும் சொல்லி விடமாட்டேன், என் அனுபவத்தையும் சொல்கிறேன். டவுனில் ஒரு கடையில் பென் டிரைவில் ஏற்றித் தந்த சொப்ட்வெயாரோடு வந்த வைரஸில் என்னுடைய ஒரு வருட வேலை போனது. அதில் எங்கள் அம்மாயி பாடிய நான்கு தாலாட்டும் இருந்தன. அம்மாயி இப்போது இல்லை. அந்தப் பாட்டுகளை இனி யாரிடம் போய்க் கேட்பது?

கரண்ட் விசயமும் தேர்வோடு சேர்ந்ததுதான். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்நேரம் இடி முழங்கினால் எங்கள் லயத்து வீடுகளில் கரண்ட் போவது நிச்சயம். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் ரெக்கோர்டிங் தொடங்காதீர்கள். லெப்டொப் என்றால் பற்றரி கைகொடுக்கும். இன்டர்ஃபேஸும் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கிற வகையாக இருக்க வேண்டும், தனி அடப்டர் கேட்பது வேண்டாம். இடி நேரத்தில் வயரைக் கழற்றிவிட்டு பற்றரியிலேயே வேலை செய்யலாம் என்பது இன்னொரு லாபம். எந்த சொப்ட்வெயார் எடுத்தாலும் முதல் நாளே ஓட்டோ சேவ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள். ரீப்பரில் சில நிமிசத்துக்கு ஒரு தடவை, நேரம் குறித்த தனித்தனி ஃபைலாக சேவ் ஆகும்படி வைக்கலாம். பழையதை அழிக்காது, எந்த நேரத்து வேலைக்கும் திரும்பிப் போகலாம்.

டேட்டாவையும் பாருங்கள். சிக்னலுக்காக மலை உச்சிக்கு ஏறுகிற தோட்டங்களில் பல பத்து ஜிபி சவுண்ட் லைப்ரரியை இறக்குவது நடக்கிற காரியமில்லை. லொஜிக்கின் முழு லைப்ரரி அந்த அளவு. ரீப்பர் சில பத்து எம்பிக்குள் முடிந்துவிடும், ஃபோன் ஹொட்ஸ்பொட்டிலேயே இறக்கலாம். ஆனால் அதன் உள்ளே வாத்தியச் சத்தங்கள் கிடையாது, அது அதன் பெரிய குறை. வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி மாதிரி சத்தத்தை உண்டாக்கித் தருகிற இலவச சின்த்களைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கோயில் பாட்டுக்கு வீணை, நாதஸ்வரம், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் உள்ளேயே வேண்டும் என்கிறவர்கள் கையில் உள்ள கீபோர்டின் சத்தத்தையே வயர் போட்டு ரெக்கோர்ட் பண்ணலாம், நன்றாகவே வரும்.

பாடும்போது தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்று சொப்ட்வெயாரை மாற்றுகிறவர்கள் அதிகம். குற்றம் அதில் இல்லை, கம்பியூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து அனுப்புகிற பஃபரின் அளவில் இருக்கிறது. 48 கிலோஹேர்ட்ஸில் 1024 என்று வைத்தால் அதற்கு மட்டும் 21 மில்லிசெக்கன் போகும், போய் வர அதைப்போல் இரண்டு மடங்கு. 128 வைத்தால் 3க்கும் குறைவு. ரெக்கோர்ட் பண்ணும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். வின்டோஸில் இன்டர்ஃபேஸோடு வருகிற ஏஸியோ ட்ரைவரைப் போடாமல் இதெல்லாம் சரிவராது. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது பெட்டியில் என்ன சொப்ட்வெயார் சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட்டோடு ஏபல்டன் லைவ் லைட் கிடைக்கும், ஸ்டைன்பேர்க் யூஆர் வாங்கினால் கியூபேஸ் ஏஐ. இரண்டு மைக், ஒரு கிட்டார் அளவுக்கு அதுவே போதும், தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

மேடையில் வாசிக்கிறவர்களுக்கு ஏபல்டன். ப்ரோ டூல்ஸ் கொழும்பில் பெரிய ஸ்டூடியோவில் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் பழகிவைக்கலாம். 8 ஒடியோ ட்ராக்கோடு இலவசப் பதிப்பு இருக்கிறது. கம்பியூட்டரே இல்லை என்றால் அண்ட்ரொய்டில் பேண்ட்லேப், ஐஃபோனில் கராஜ்பேண்ட், இரண்டுமே இலவசம். லெப்டொப்புக்குக் காசு சேரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஃபோனை போர்வைக்குள் வைத்துப் பாடியே நல்ல டெமோ செய்த தங்கச்சி ஒருத்தி எங்கள் டிவிசனில் இருக்கிறாள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரத்தில் விழுகிற மழைச் சத்தத்தை எந்த சொப்ட்வெயாரும் சுத்தமாக எடுக்காது, ஏனென்றால் அது ஒரே சீராக விழுவதில்லை. ஃபேன், ஃப்ரிஜ், லெப்டொப் இரைச்சல் மாதிரி சீரான சத்தத்தை ரீப்பரின் ரியாஃபிர் குறைத்துத் தரும். யாரும் பாடாத இரண்டு செக்கனைக் காட்டி இதைக் கழி என்று சொல்ல வேண்டும். மழைக்கு ஒரே வழி நேரம் பார்ப்பதுதான். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கஷ்டம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பதுளைப் பக்கத்துக்கு வருடக் கடைசிதான் மழை.

வாங்குகிற முடிவை இப்படி எடுங்கள்: ட்ரையலைப் போட்ட அன்றே ஒரு உண்மையான பாட்டைத் தொடங்குங்கள், பழகுவதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் ஒரு தெம்மாங்கு பாடச் சொல்லுங்கள், பக்கத்தில் தப்போ சலங்கையோ ஒன்று. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு ட்ராக்குக்கு நிமிசத்துக்கு 9 எம்பிக்குக் கிட்டப் போகும். ஆறு ட்ராக், ஐந்து நிமிசம் என்றால் ஒரு டேக் 260 எம்பி, அதனால் டிஸ்க்கில் இடம் இருக்கட்டும். முடித்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்தே தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுத்துப் பாருங்கள். அது எந்தக் கஷ்டமும் இல்லாமல் நடந்தால் அந்த சொப்ட்வெயார் உங்களுக்குச் சரி, காசைக் கட்டலாம். நாளைக்கு வேறொன்றுக்கு மாறினாலும், கொழும்புக்கு மிக்ஸிங்குக்குக் கொடுத்தாலும் அந்த வேவ் ஃபைல்கள் எங்கேயும் திறக்கும். இரண்டு இடத்தில் கொப்பி வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு வீட்டில்.